மூடி போட்ட வானம்

“உனக்கு மட்டும் எப்பப் பாத்தாலும் மூக்கு ஏன் இப்படிச் சுருங்கியே கிடக்குது? ஊரே நாறுதா, இல்ல நான் மட்டும்தானா?” என்று என் வீட்டுக்காரர் பூவரசன் ஒருமுறை என்னிடம் கேட்டார்.

கல்யாணமான புதிதில் கேட்டது. எனக்குப் பேச்சு வாய்வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிடும். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். அவரும் பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை. முட்டை லாரியில் வடக்கே போய்த் திரும்புகிறவர். வீட்டுக்குள் நுழையும்போது டீசலும் வியர்வையும் உடைந்த முட்டையும் கலந்த வாடையோடுதான் நுழைவார். அதில் அவருக்கே ஒரு சிரிப்பு உண்டு.

அவரிடம் அடித்தது உழைப்பின் வாடை. நாற்றம் என்றால் என்னவென்று எனக்கு இந்த வருஷம்தான் தெரிந்தது.

பருவ இழப்பு மன்றம் எங்கள் விசாரணையை நாமக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தது. முந்தின நாள் அங்கே யாருக்கோ வரவேற்பு நடந்திருந்தது. மேடையில் தெர்மாகோலில் செய்த இரண்டு அன்னங்கள் கழுத்தைப் பின்னிக்கொண்டு நின்றன. தரையெல்லாம் மிதிபட்ட மல்லிகை. அன்னங்களுக்குக் கீழே மேசை போட்டு ஷெர்லின் மேடம் உட்கார்ந்திருந்தார். மன்றத்துக்காக வழக்குகளைக் கேட்டு முடித்து வைக்கும் அதிகாரி. அவர் பக்கத்தில் மடிக்கணினியோடு பரிதி சார். ‘நீள்வானம்’ கம்பெனியின் விஞ்ஞானி.

நீள்வானம்தான் வான்குடை விரிக்கிற கம்பெனி. லடாக்கிலிருந்து பெரிய பலூன்களை ஏற்றி, வெயிலை மறைக்க மேகங்களுக்கெல்லாம் மேலே கந்தகத்தைத் தூவுகிறார்கள். வெயில் கொஞ்சம் தணிந்திருப்பது உண்மைதான். சித்திரையில் கோழிகள் கொத்துக்கொத்தாகச் சாவது குறைந்துவிட்டது என்று பண்ணைக்காரர்கள் சொல்கிறார்கள். அந்தக் குடையால் எங்காவது பருவம் கெட்டு யாராவது பாதிக்கப்பட்டால் முறையிடத்தான் இந்த மன்றம். யார்மேல் முறையிடுகிறோமோ அந்தக் கம்பெனியின் ஆளே அதிகாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்த்துச் சொல்வார். இதில் யாருக்கும் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

எனக்குப் பக்கத்தில் மைதிலி அக்கா உட்கார்ந்திருந்தாள். பூவரசனின் கூடப்பிறந்த அக்கா. லாரியில் செத்துப்போன இருவரில் ஒருவர் அவள் தம்பி, இன்னொருவர் அவள் புருஷன். எனக்குப் போனது ஒருவர், அவளுக்கு இருவர். ஆனால் நான் மாசமாக இருந்ததால், வந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தே அழுதார்கள். அக்காவுக்குக் குழந்தை இல்லை. அவளைக் கட்டிக்கொண்டு அழ யாருக்கும் தோன்றவில்லை.

நடந்தது இதுதான். தை மாதம் ஸ்ரீநகருக்கு முட்டை ஏற்றிக்கொண்டு போனார்கள். அக்காவின் புருஷன் அர்த்தநாரி அண்ணன் டிரைவர், பூவரசன் மாற்று டிரைவர். மலைப்பாதையில் பனி விழுந்து வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. சாயங்காலம் பூவரசன் வீடியோவில் கூப்பிட்டார். நானும் அக்காவும் அடுப்படியில் இருந்தோம். போன் அக்கா கையில்.

“அக்கா, உன் வீட்டுக்காரரப் பாரு. இந்தக் குளிர்ல எப்படித்தான் தூக்கம் வருதோ. எல்லாம் உறைஞ்சு போச்சு, குறட்டை மட்டும் உறையல.”

“எழுப்பாதடா. நேத்துப் பூரா ஓட்டினவரு.”

“மீசையப் பாரு, மூக்குல வர்ற தண்ணி அப்படியே கட்டிப்போச்சு. அவருக்கு மட்டுமில்ல, எனக்கும்தான்.” பூவரசன் சமையலுக்கு வைத்திருக்கும் சின்ன கேஸ் அடுப்பைக் காலடியில் வைத்துப் பற்றவைத்தார். நீல வெளிச்சம் அவர் தாடையில் விழுந்தது.

“கண்ணாடிய இறக்கி வெச்சுக்கடா.”

“இறக்கினா அப்புறம் அடுப்பு எதுக்குக்கா? நீ போய்ச் சோத்த வடி.”

அவ்வளவுதான். மறுநாள் ராணுவத்துக்காரர்கள் கதவை உடைத்துத் திறந்தபோது இருவரும் உட்கார்ந்தபடியே இருந்தார்கள். அடுப்பு, காபினில் இருந்த காற்றையெல்லாம் தின்றுவிட்டிருந்தது.

லாரி தனியாக ஊருக்கு வந்தது. உறைந்து வெடித்த முட்டைகள் வழியெல்லாம் உருகி, சமவெளி வெயிலில் அழுகி, பின்கதவிலிருந்து மஞ்சளாக ஒழுகிக்கொண்டிருந்தன. “உங்க ஆளுங்க வண்டிதானே, கழுவிக் குடுத்துட்டீங்கன்னா தேவலை,” என்றார் முதலாளி. அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிக் கழுவினாள். நான் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். முதலாளி மூக்கில் கைக்குட்டையை வைத்தபடி, மூலையில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று விரலால் காட்டினார்.

“முதல்ல மாடல் என்ன சொல்லுதுன்னு பாத்துடலாம்,” என்றார் ஷெர்லின் மேடம்.

“சுழல் உடையல மேடம். கெட்டியா நிக்குது,” என்றார் பரிதி சார், வானிலையைக் கணக்குப் போட்டுக் காட்டும் அந்த மாடலை மடிக்கணினியில் பார்த்தபடி.

“எந்தச் சுழலுங்க?” என்று அக்கா கேட்டாள்.

பரிதி சாருக்குக் கேள்வி பிடித்திருந்தது. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். “வடதுருவத்துக்கு மேல, விமானம் பறக்கறதுக்கும் ரொம்ப மேல, குளிர்காலம் பூரா ஒரு காத்து வட்டமா சுத்திக்கிட்டே இருக்கும். வேலி மாதிரின்னு வெச்சுக்கங்க. குளிரை உள்ளயே பட்டி போட்டு அடைச்சு வெச்சிருக்கும். சில வருஷம் கீழ இருந்து காத்து அலை அலையா ஏறிப் போய் அந்த வேலியில மோதும். வேலி பிஞ்சுடும், சிலசமயம் ரெண்டாவே பிளந்துடும். அப்புறம் கொஞ்ச நாள்ல, அடைச்சு வெச்ச குளிர் தெற்கே இறங்கிடும்.”

“எங்களுக்கும் இறங்குச்சுங்களே.”

“மாடல்ல வேலி பியலையே.”

“அப்பக் குளிரே அடிக்கலீங்களா? மீசையில தண்ணி கட்டிப்போச்சுங்க. நான் பாத்தனுங்க.”

“குளிர் அடிச்சத யாரும்மா இல்லைங்கறா?” என்றார் ஷெர்லின் மேடம். “மாடல்ல தெரிஞ்சா அது பருவத்தால வந்த குளிர். தெரியலைன்னா அது மலைக்குளிர். மலைன்னா குளிரத்தான் செய்யும். அங்க போற டிரைவர் அதுக்குத் தயாரா போயிருக்கணும்.”

அர்த்தநாரி அண்ணன் தயாராகப் போகாதவர் என்று யாரும் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் காபினில் ஏறுவார். கிளம்புமுன் ஒவ்வொரு சக்கரத்தையும் காலால் அல்ல, கையால் தட்டிப் பார்ப்பார். எங்கள் லாரி சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுதபூஜையன்று, வழியில் உயிர்விட்ட டிரைவர்களின் படங்களை வரிசையாக வைத்து மாலை போடுவார்கள். வண்டிகளுக்குப் பூசணிக்காய் உடைப்பதற்கு முன்னால் அந்தப் படங்களுக்குத்தான் முதல் சூடம். ஆனால் தன் தவறால் இன்னொருவரைச் சாகவிட்டவர் என்று எழுத்தில் வந்துவிட்டால் அந்தப் படம் வரிசையில் சேராது. அண்ணன் படம் சேருமா சேராதா என்பதை மன்றத்தின் முடிவு வந்த பிறகு பார்க்கலாம் என்று சங்கத்தில் சொல்லியிருந்தார்கள். அக்கா இங்கே வந்ததே அதற்காகத்தான். வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

மதியம் பிரியாணி வந்தது. எங்களையும் சாப்பிடச் சொன்னார்கள். பந்திக்கூடத்தில் நால்வரும் ஒரே மேசையில் எதிரெதிராக உட்கார்ந்தோம். பரிதி சார் எலும்பை உறிஞ்சிச் சாப்பிடுகிறவர். அக்கா இலையைத் தொடவில்லை.

“சார், ஒரு சந்தேகமுங்க. உங்க மாடல்ல அந்த வேலி எப்பத்தான் பியும்?” என்று கேட்டாள்.

“இந்த மாடல்லயா?” அவர் சிரித்துவிட்டார். “இதுல பியவே பியாதுங்க.”

“நெசத்துல?”

“நெசத்துல பத்து வருஷத்துக்கு அஞ்சாறு தடவை பிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கும்.”

குடித்துக்கொண்டிருந்த தண்ணீரை நான் கீழே வைத்தேன்.

“இது பழைய மாடலுங்க,” என்று அவர் எலும்பை இலை ஓரத்தில் வைத்தார். “அப்பல்லாம் கம்ப்யூட்டர் சின்னது. வானம் பூராவும் போட்டா தாங்காது. அதனால முப்பது கிலோமீட்டரோட வெட்டி மேல ஒரு மூடி போட்டுட்டாங்க. அந்தச் சுழல் பாதிக்கு மேல மூடிக்கு அந்தப் பக்கம் இருக்கு. கீழ இருந்து ஏறி வர்ற அலை மூடியில முட்டி அப்படியே அடங்கிடும். அப்புறம் வேலி எங்க பியறது? மழைக்கு இது நல்ல மாடல், குறையே சொல்ல முடியாது. துருவச் சுழலுக்கு உதவாது.”

“உதவாததை எதுக்குங்க எங்களுக்குப் போடறீங்க?”

“குடை ஒப்பந்தத்துல இதான் இருக்கு. கையெழுத்துப் போட்டப்ப எல்லா நாட்டுக்கும் பொதுவா இருந்தது இதான். இப்ப மாத்தினா முடிஞ்சுபோன கேஸெல்லாம் எழுந்து வரும்.”

“எழுந்தா நான் தூங்கின மாதிரிதான்,” என்றார் ஷெர்லின் மேடம். “பரிதி, அந்தப் பச்சடிய இந்தப் பக்கம் தள்ளுங்க.”

அவர் தள்ளினார். பிறகு, நல்லது ஏதோ ஞாபகம் வந்தவர்போல விரலை இலையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். “நாங்க பண்ணின புது மாடல் இருக்கு. காட்டறேன், பாருங்க. இது எண்பது கிலோமீட்டர் வரைக்கும் போகும்.”

போனை எங்கள் பக்கம் திருப்பினார். உலகத்தை மேலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு படம். நடுவில் நீல வட்டம் ஒன்று சுழன்றுகொண்டிருந்தது. ஒரு பக்கம் நெளிந்தது, நீண்டது, இடுப்பு ஒடுங்கியது. பிறகு கல்லில் ஊற்றிய முட்டையின் கரு கரண்டி பட்டுப் பிரிவதைப் போல இரண்டானது. ஒரு பாதி ஆடி ஆடி இமயமலைப் பக்கம் வந்தது. அந்த இடத்தைப் பெரிதாக்க அவர் கட்டைவிரலை வைத்து இழுத்தார். பிரியாணி எண்ணெய் காஷ்மீர்மேல் பட்டையாகப் படிந்தது. எங்கள் லாரி நின்ற இடமும் அதற்கடியில்தான் எங்கோ இருந்தது.

“தேதியப் பாருங்க. இது மார்கழியிலயே ஓட்டின கணக்கு. குளிர் வந்தது தையில. இவ்வளவு முன்னாடி உலகத்துல வேற யாரும் சொல்லல.” அவர் எங்கள் முகத்தைப் பார்த்தார். எதிர்பார்த்தது பாராட்டைத்தான்.

“இத யாருக்குச் சொன்னீங்க?” என்றாள் அக்கா.

“சந்தா கட்டினவங்களுக்குத் தானாவே போயிடும். விமானக் கம்பெனி, மின்சாரக் கம்பெனி. அப்புறம் எங்க கந்தக டேங்கரெல்லாம் அந்த வழியாத்தான் லடாக் போகும். எல்லாத்தையும் முன்னாடியே ஜம்முவுல நிறுத்திட்டோம். எங்க டிரைவர் ஒருத்தருக்குக்கூட ஒண்ணும் ஆகல.”

அதை எங்களுக்கு ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னார்.

கெட்டவர்கள் மறைத்துச் செய்வார்கள் என்று நான் நினைத்திருந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, யாராவது வந்தால் பேச்சை மாற்றி. அப்படி மறைத்தால் ஒரு பயமாவது இருக்கிறது என்று அர்த்தம். இவர் எதையும் மறைக்கவில்லை. பல்லிடுக்கில் இறைச்சி நாரோடு, நல்ல மனதோடு, எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். ஒரே மேசையில் குருட்டுக் கண்ணையும் நல்ல கண்ணையும் வைத்துக்கொண்டு, தங்களுக்கு நல்லதையும் எங்களுக்குக் குருட்டையும் மாட்டியிருந்தார்கள். அவரைக் கோபித்துக்கொள்ள முயன்று பார்த்தேன். கோபம் வரவில்லை. செருப்பில் எதையோ மிதித்துவிட்டு வீட்டுக்குள் வந்துவிட்டால் வருமே, அந்த நாற்றம்தான் வந்தது.

“குடையாலதானுங்களா வேலி பிஞ்சது?” என்றாள் அக்கா.

அவர் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினார். “சத்தியமா இல்லைங்க. குடை இல்லாமயும் ஓட்டிப் பாத்தேன். இருந்தாலும் இல்லாட்டியும் இந்த வருஷம் பிஞ்சிருக்கும். எங்க தப்பு இல்ல.”

“சரிங்க. உங்க தப்பு இல்லைன்னே இருக்கட்டும். ஆனா, அது எப்பவும் அடிக்கற மலைக்குளிர் இல்லதானுங்களே?”

“இல்லவே இல்ல. நாப்பது வருஷத்துல அந்தப் பாதை அப்படி ஒரு குளிரப் பாத்திருக்காது.”

“எந்த டிரைவரும் அதுக்குத் தயாரா போயிருக்க முடியாது.”

“முடியாதுங்க.”

“அத மட்டும் ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்க சார். வேற ஒண்ணும் வேண்டாம். சங்கத்துல காட்டணும்.”

பரிதி சார் ஷெர்லின் மேடத்தைப் பார்த்தார். மேடம் பச்சடியிலிருந்த வெங்காயத்தை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

“புது மாடல் வெளிய போகக் கூடாதுங்க. அது கம்பெனி ரகசியம். நான் உங்களுக்குக் காட்டினதே, சும்மா, ஒரு இதுக்காக.”

“இலைய மூடிட்டு வாங்க,” என்றார் மேடம். “சீக்கிரம் முடிச்சுடலாம். எனக்கு சேலத்துல இன்னொண்ணு இருக்கு.”

மறுபடி அன்னங்களுக்குக் கீழே உட்கார்ந்தோம். ஷெர்லின் மேடம் எங்களிடம் கனிவாகத்தான் பேசினார்.

“ரெண்டு வழிதாம்மா இருக்கு. மலைக்குளிர், யார் தப்பும் இல்லைன்னு எழுதி மூடிடலாம். அப்ப டிரைவர்மேல பழி வராது. ஆனா யாருக்கும் எதுவும் கிடைக்காது. இன்னொண்ணு, டிரைவரோட கவனக்குறைவு. கண்ணாடிய ஏத்திட்டு அவர்தான் அடுப்பப் பத்த வெச்சாரு, கூட இருந்தவர் செத்துட்டாருன்னு வந்தா, கூட இருந்தவர் குடும்பத்துக்கு வண்டி இன்ஷூரன்ஸ்ல பணம் கிடைக்கும். டிரைவர் குடும்பத்துக்கு இல்ல.” என் வயிற்றைப் பார்த்தார். “இந்தப் பொண்ணுக்கு அம்மா வீட்டுல யாராவது இருக்காங்களா?”

“யாருமில்லீங்க,” என்றாள் அக்கா.

“அப்ப யோசிச்சுக்கங்க. அடுப்ப யாரு பத்த வெச்சதுன்னு தெரிஞ்சவங்க சொன்னாப் போதும். வேற சாட்சி வேண்டாம்.”

மண்டபத்தின் பின்னால் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். பெரிய அண்டாவைத் தரையில் உருட்டும் சத்தம் வந்து நின்றது. அர்த்தநாரி அண்ணன் படத்துக்கு மாலை ஒரு பக்கம், பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பணம் ஒரு பக்கம். மூடி போட்ட வானம் ஒன்று உண்மையைச் சொல்ல மறுத்ததால், பொய்க்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். யார் பொய் சொல்வது என்பதை மட்டும் எங்கள் விருப்பத்துக்கு விட்டிருந்தார்கள்.

அக்கா பரிதி சாரைப் பார்த்தாள். பிறகு மேடத்திடம் கேட்டாள்:

“இந்தப் பொய்ய நான் சொல்லிட்டா இவளுக்கு நிச்சயமா வந்துருமுங்களா?”

“பொய்ன்னெல்லாம் சொல்லாதீங்க. வாக்குமூலம்.”

“வந்துருமுங்களா?”

“வந்துடும்.”

“எங்க வீட்டுக்காரருதானுங்க பத்த வெச்சாரு,” என்றாள் அக்கா. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. “நான் போன்ல பாத்தனுங்க. கண்ணாடிய இறக்கி வைங்கன்னு சொன்னேன். கேக்கல. என் தம்பி பக்கத்துல தூங்கிட்டிருந்தானுங்க. நேத்துப் பூரா ஓட்டினவன், எழுப்பாதீங்கன்னு சொன்னேன்.”

இருவரையும் இடம் மாற்றி வைத்துவிட்டாள். அன்றைக்குப் பேசிய வார்த்தைகளையே வைத்து மாற்றிவிட்டாள். ஷெர்லின் மேடம் தட்டச்சு செய்துகொண்டே வந்தார். பரிதி சார் தன் மடிக்கணினியை மூடினார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தக் குளிரைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. பையின் ஜிப் சிக்கிக்கொண்டதால் அவர் அதை இழுத்துக்கொண்டிருந்தார்.

“நீயும் பாத்தியாம்மா?” என்று மேடம் என்னைக் கேட்டார். “ரெண்டு பேர் சொன்னா இன்னும் கெட்டியாயிடும்.”

எனக்குத் தெரியும், நான் சொல்ல வேண்டியது என்னவென்று. பற்றவைத்தது பூவரசன். அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார், குறட்டைச் சத்தம்கூடக் கேட்டது. அந்த வாக்கியம் முழுதாக, ஒழுங்காக, என் வாய்வரை வந்தது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. மேசைவிரிப்பில் ஒட்டியிருந்த ஒரு மல்லிகையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று அவள் தலையசைத்திருந்தால், அல்லது சொல் என்று ஒரு பார்வை பார்த்திருந்தால், எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் எனக்கு எதையும் சுலபமாக்கித் தரவில்லை.

“ஆமாங்க,” என்றேன்.

திக்கவில்லை. கரகரக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எந்த டீச்சர் கேட்டும் வராத குரல், மண்டபத்தின் கடைசிச் சுவர்வரை கேட்கிற மாதிரி வந்தது. மேடமே நிமிர்ந்து பார்த்தார்.

“நல்லது. தைரியமான பொண்ணுதான்.”

மேடம் காட்டிய இடத்தில் அக்கா விரல்ரேகை வைத்தாள். நானும் வைத்தேன். மேடம் தண்ணீர் பாட்டிலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, சேலத்துக்குப் பஸ்ஸைவிடக் கார் நல்லதா என்று பரிதி சாரிடம் கேட்டார். அவர் எங்கள் பக்கம் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். “உடம்பப் பாத்துக்கங்க,” என்று மட்டும் சொன்னார்.

“அக்கா,” என்றேன் நான்.

அக்கா எழுந்தாள். காலையிலிருந்து அவள்தான் சுமந்துகொண்டிருந்தாள் என் பையை. அதில் என் மாத்திரைகளும், நான் பசிக்கும்போது சாப்பிட அவள் கட்டிக் கொண்டுவந்த இட்லியும் இருந்தன. அதை என் நாற்காலிக் காலருகில், சாயாதபடி நிறுத்திவைத்தாள். முந்தானையை உதறி இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மிதிபட்ட பூக்களின் மேல் நடந்து, வாசலில் செருப்பைத் தேடி மாட்டி, என் பக்கம் திரும்பாமல், படியிறங்கி வெயிலுக்குள் போனாள்.